குவைத்தில் இப்போது மணி ஏழரை

மூன்றாம் தரத்துப் பிள்ளைகளுக்கு மணி பார்க்கச் சொல்லிக் கொடுப்பது ஒரு வாரத்து வேலை என்று நினைத்துக்கொண்டுதான் அந்தப் பாடசாலைத் தவணையைத் தொடங்கினேன். எங்கள் வகுப்பறையில் கடிகாரம் இல்லை. அதனால் வீட்டுக் குசினியில் மாட்டியிருந்ததைக் கழற்றி, பழைய துவாயில் சுற்றி, ஹட்டனிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். "இனிமே நான் எதப் பாத்துட்டு வேலைக்குக் கெளம்புறது?" என்று கணவர் கேட்டார். ஃபோனைப் பாருங்கள் என்றேன். ஃபோன் எப்போதும் சார்ஜில்தான் கிடக்கிறது என்றார். அந்தச் சண்டை அந்தத் தவணை முழுவதும் நடந்தது.

எங்களுடையது நோர்வூட்டிலிருந்து மேலே ஏறும் ஒரு தோட்டத்துப் பாடசாலை. பஸ் இறக்கிவிடும் இடத்திலிருந்து தேயிலைக்கு நடுவே படி ஏறிப் போக வேண்டும். நானும் அதைப் போன்ற ஒரு தோட்டத்து லயத்தில், வரிசை வீடொன்றில் பிறந்தவள்தான். அதனால் என் வகுப்புப் பிள்ளைகள் நேரத்தை எப்படிச் சொல்வார்கள் என்று எனக்கு முன்பே தெரியும். தொழிற்சாலைச் சங்கு ஊதுற நேரம், கொழுந்து நிறுக்கிற நேரம், பஸ்ஸு திரும்பி வர்ற நேரம். இப்போது அவற்றோடு ஃபோனில் தெரியும் இலக்கங்களும் சேர்ந்திருந்தன. "ஏழு முப்பது" என்று டக்கென்று சொல்லிவிடுவார்கள். வட்டமான கடிகாரத்தைக் காட்டினால் மட்டும் வாயை மூடிக்கொள்வார்கள்.

"டீச்சர், பெரிய முள்ளு ஒன்னுக்கு மேல தானே நிக்குது? ஏன் அஞ்சுனு சொல்லுறீங்க?" என்று ஒருத்தி கேட்டாள். வகுப்பிலேயே சத்தமாகப் பேசுகிறவள் அவள். எதைச் சொன்னாலும் ஒரு தடவை மறுத்துப் பார்க்காமல் ஏற்றுக்கொள்ளமாட்டாள். அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்வதிலேயே பல நாட்கள் போயின. பிஸ்கட் பெட்டி அட்டையை வட்டமாக வெட்டி, ஈர்க்குச்சியை முள்ளாகக் குத்தி, ஆளுக்கு ஒரு கடிகாரம் செய்தோம். பாடப்புத்தகத்தில் மணிக்கூடு என்று இருந்தது. பிள்ளைகள் கடிகாரம் என்றார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த எங்கள் பாடசாலை அதிபர், வகுப்புப் பக்கம் வரும்போதெல்லாம், "என்ன ரீச்சர், பிள்ளையள் மணிக்கூடு பாக்கப் பழகிட்டினமோ?" என்று கேட்பார். பிள்ளைகள் அவர் போன பிறகு "மணிக்கூடு, மணிக்கூடு" என்று அவர் குரலிலேயே சொல்லிச் சிரிப்பார்கள். நானும் திரும்பி நின்று சிரித்துக்கொள்வேன்.

ஒருவழியாகப் பிடிபட்டுவிட்டது என்று தோன்றியதும் ஒரு பயிற்சித் தாள் கொடுத்தேன். முள் இல்லாத ஐந்து கடிகாரங்கள். எழும்பும் நேரம், பாடசாலை தொடங்கும் நேரம், இடைவேளை, பாடசாலை விடும் நேரம், தூங்கும் நேரம். முள்ளை வரைந்து வர வேண்டும். வீட்டில் கேட்டு எழுதலாம் என்றும் சொல்லியிருந்தேன்.

எல்லாரும் ஏறக்குறைய சரியாகவே வரைந்து வந்தார்கள், ஒரு பிள்ளையைத் தவிர. ஒல்லியான பிள்ளை, முன்பல் விழுந்திருந்தது. இரட்டைச் சடையில் ஒன்று காதுக்கு மேலேயும் மற்றது காதுக்குக் கீழேயும் இருக்கும். அதிகம் பேசமாட்டாள். அவளுடைய தாளில் அடிமட்டம் வைத்து இழுத்த மாதிரி முள்ளெல்லாம் நேர்த்தியாக இருந்தது. ஆனால் எழும்பும் நேரம் மூன்று மணி. பாடசாலை தொடங்குவது ஐந்து மணிக்கு. இடைவேளை எட்டுக்கு. பாடசாலை விடுவது பதினொன்றுக்கு. தூங்கப் போவது ஆறு மணிக்கு.

வரிசையாக ஐந்து பிழை போட்டுவிட்டு அவளைக் கூப்பிட்டேன்.

"மூணு மணிக்கா எந்திரிக்கிற?"

"ஆமாங்க டீச்சர்."

"இருட்டா இருக்குமே?"

"இருட்டாத்தாங்க இருக்கும்."

"அவ்வளவு வெள்ளனா எந்திரிச்சு என்னா செய்வ?"

"அப்பா ரொட்டி சுடுவாரு. நான் பல்லு வெளக்குவேன்."

"அப்ப பள்ளிக்கூடம் அஞ்சு மணிக்குத் தொடங்குதா? அந்தக் கடிகாரத்தப் பாரு. நாம தொடங்குறப்ப அதுல என்னா மணி?"

அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை. "இங்க ஏழரைங்க டீச்சர். எங்க வீட்டுல அஞ்சு" என்றாள்.

வகுப்பு முழுக்கச் சிரித்தது. அவளுக்கு ஏன் சிரிக்கிறார்கள் என்று புரியவில்லை. கோயிலுக்கு ஒரு மணி, பாடசாலைக்கு ஒரு மணி என்று இருப்பதுபோல, ஒவ்வொரு இடத்துக்கும் ஒவ்வொரு நேரம் உண்டு என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்கு அப்போது தெரியாது. வீட்டுக் கடிகாரத்தில் பேட்டரி தீர்ந்திருக்கும் என்று நினைத்தேன். "கடிகாரம் ஓடுதான்னு அப்பாகிட்ட கேளு" என்று சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் காலையில் அவளுடைய அப்பாவே வந்துவிட்டார். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. அன்றைக்கு இரவு முறை, விடிய விடிய வேலை செய்துவிட்டு நேரே வந்திருந்தார். சட்டையில் தேயிலைத் தூள் ஒட்டியிருந்தது. உள்ளே வரச் சொன்னேன். வராமல் கதவுக்கு வெளியிலேயே நின்றார்.

"டீச்சர், பிள்ளை மேல தப்பு இல்லீங்க" என்றார். "கடிகாரத்து மேலயும் தப்பு இல்ல. நான்தான் அப்புடி வச்சிருக்கேன்."

"எப்புடி?"

"அவ அம்மா குவைத்துல ஒரு வீட்டுல வேலை செய்யிறாங்க. போயி ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. அங்க நம்மளவிட ரெண்டரை மணித்தியாலம் பின்னாடிங்க. போன புதுசுல நான் நம்ம நேரத்தப் பாத்துட்டுக் கூப்பிட்டுடுவேன். அவங்களுக்கு அது சாப்பாடு பரிமாறுற நேரம். வீட்டுக்காரம்மா கோவிச்சுக்குவாங்க. கணக்குப் போட்டு கணக்குப் போட்டு எனக்கும் தலை சுத்திருச்சு. அதான் கடிகாரத்தையே அந்த ஊரு நேரத்துக்குத் திருப்பி வச்சிட்டேன். எனக்கு சங்கு இருக்கு, ஃபோன் இருக்கு. நம்ம நேரம் எப்புடியும் தெரிஞ்சிடும்."

"பிள்ளைக்கு மணி பாக்க யாரு சொல்லிக் குடுத்தா?"

அவர் கொஞ்சம் வெட்கப்பட்டார். "நான்தாங்க. அம்மா இப்ப என்னா செய்வாங்கனு கேட்டுக்கிட்டே இருப்பா. சின்ன முள்ளு இங்க வந்தா அம்மா எந்திரிப்பாங்க, இங்க வந்தா அந்த வீட்டுப் பிள்ளைகள குளிப்பாட்டுவாங்க, இங்க வந்தா நம்மகிட்ட பேசுவாங்கனு காட்டிக் குடுத்தேன். அப்புடியே புடிச்சிக்கிட்டா."

என் வகுப்பில் முதலில் மணி பார்க்கத் தெரிந்த பிள்ளை அவள்தான். ஈர்க்குச்சியும் அட்டையும் வருவதற்கு முன்பே தெரிந்திருந்தது. அவர் போன பிறகு தாளை எடுத்து ஒவ்வொரு கடிகாரத்தோடும் இரண்டரையைக் கூட்டிப் பார்த்தேன். ஐந்தரைக்கு எழும்புகிறாள், எட்டரைக்குத் தூங்குகிறாள். எல்லாம் அச்சொட்டாக இருந்தது. நான் போட்ட பிழைகளை என்ன செய்வதென்று தெரியவில்லை. தாளின் மேல் பக்கத்தில் "குவைத் நேரம்" என்று எழுதி, கீழே பெரிதாக ஒரு சரி போட்டேன்.

அவர் பேசியதையெல்லாம் பக்கத்தில் நின்று கேட்டிருந்த அதிபர், "பிள்ளையில பிழையில்லை ரீச்சர்" என்றார். பிறகு, "நானும் இஞ்ச பின்னேரத்தில தேத்தண்ணி குடிக்கேக்க, அங்க வீட்டில மனுசி விளக்கேத்தியிருப்பா எண்டுதானே நினைக்கிறனான்" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனார். அவருடைய குடும்பம் யாழ்ப்பாணத்தில் இருந்தது. விடுமுறைக்குத்தான் போவார்.

அன்றே வகுப்பில் விஷயத்தைச் சொன்னேன். ஒரே நேரத்தில் இங்கே ஒரு மணி, குவைத்தில் வேறு மணி. சத்தக்காரி உடனே எழுந்துவிட்டாள்.

"அது எப்புடிங்க டீச்சர்? ஒரு நேரத்துக்கு ஒரு மணிதானே?"

பந்து ஒன்றை எடுத்து, டார்ச் அடித்து, இதுதான் சூரியன், இதுதான் பூமி, இங்கே வெளிச்சம் முதலில் விழுகிறது, அங்கே பிறகு என்று காட்டினேன். பந்து கையில் இருந்து வழுக்கி மேசைக்கு அடியில் போனதுதான் அவர்களுக்கு நன்றாகப் பிடித்தது.

"நீங்க குவைத்துக்குப் போயி பாத்தீங்களா டீச்சர்?" என்று கேட்டாள் சத்தக்காரி.

நான் கொழும்பைத் தாண்டிப் போனதில்லை. அதைச் சொன்னதும், அப்படியென்றால் இது நிச்சயமில்லாத விஷயம் என்று வகுப்பு முடிவு செய்துவிட்டது.

அடுத்த பாடம் கால அளவை மதிப்பிடுதல். ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று முதலில் ஊகித்துச் சொல்ல வேண்டும், பிறகு கடிகாரத்தைப் பார்த்து அளக்க வேண்டும். கண்ணை மூடி உட்கார்ந்திருங்கள், ஒரு நிமிஷம் முடிந்துவிட்டது என்று தோன்றும்போது கையைத் தூக்குங்கள் என்றேன். செக்கன் முள் கால்வாசி போவதற்குள் பாதிக் கைகள் எழுந்துவிட்டன. சத்தக்காரி கையைத் தூக்கியதோடு "முடிஞ்சிருச்சு!" என்று கத்தியும்விட்டாள். ஒல்லிப் பிள்ளை மட்டும் இருந்துகொண்டே இருந்தாள். நிமிஷம் முடிந்து இன்னும் கொஞ்ச நேரம் போன பிறகு, ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் கையைத் தூக்கினாள்.

"ஏன் இவ்வளவு நேரம்?" என்று கேட்டேன்.

"நான் பெரிய நிமிஷத்த எண்ணுனேங்க டீச்சர்" என்றாள். அவள் தானாக ஏதாவது விளக்கிச் சொன்னது அதுதான் முதல் தடவை. "பெரிய நிமிஷம் ஒன்னு இருக்கு, சின்ன நிமிஷம் ஒன்னு இருக்கு. ஃபோன் வருமுன்னு ஒக்காந்திருக்கிறது பெரிய அஞ்சு நிமிஷம். அம்மா பேசுறது சின்ன அஞ்சு நிமிஷம்."

யாரும் சிரிக்கவில்லை. சத்தக்காரிகூட யோசித்தாள். "ஆமா டீச்சர், மழைக்கு ஒதுங்கி நிக்கிறதும் பெரிய நிமிஷம்தான்" என்றாள். இன்னொரு பிள்ளை, கார்ட்டூன் சின்ன நிமிஷம் என்றது. சோதித்துப் பார்ப்போம் என்றேன். ஒரு நிமிஷம் ஒற்றைக்காலில் நின்றோம். பிறகு ஒரு நிமிஷம் நான் ஒரு நரிக்கதை சொன்னேன். முள் இரண்டு தடவையும் ஒரே சுற்றுத்தான் சுற்றியது என்று அவர்களே பார்த்தார்கள். ஆனாலும் ஒற்றைக்கால் நிமிஷம்தான் பெரியது என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. கால் வலித்தது.

அன்றைக்குப் பாடம் முடியும்போது சத்தக்காரிதான் அந்த யோசனையைச் சொன்னாள். "டீச்சர், அவ அம்மாகிட்டயே மணி கேப்போம். அங்க வேற மணின்னா அவங்க காட்டட்டும்."

எனக்கு அது பிடித்துப்போனது. பிள்ளையின் அப்பாவிடம் கேட்டேன். அவர் மனைவியோடு பேசிவிட்டு வந்து சொன்னார். வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை. வீட்டுக்காரர்கள் பிந்தித்தான் எழும்புவார்கள். காலை ஏழரைக்குக் குசினியில் பிள்ளையின் அம்மா மட்டும்தான் இருப்பார். நமக்கு அப்போது பத்து. "சத்தம் மட்டும் போடக் கூடாதுங்க டீச்சர். அங்க தூங்குவாங்க" என்றார்.

வகுப்புக்குள் ஃபோன் பாவிக்கக் கூடாது என்று அதிபர் சட்டம் சொன்னார். வகுப்புக்குள் எப்படியும் சிக்னல் கிடையாது சேர், தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில்தான் கிடைக்கும் என்றேன். அவர் கொஞ்சம் யோசித்தார். "அது வகுப்பில்லைத்தானே" என்றார்.

வெள்ளிக்கிழமை நல்ல பனிமூட்டம். தாங்கிக்குப் பக்கத்துப் புல்லில் உரச்சாக்குகளை விரித்து உட்கார்ந்தோம். கடிகாரத்தைத் தூக்கிக்கொண்டு வரும் வேலையைச் சத்தக்காரிக்குக் கொடுத்திருந்தேன். குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு, ஒவ்வொரு படியாகப் பார்த்துப் பார்த்து வந்தாள். ஒல்லிப் பிள்ளையை நடுவில் உட்கார வைத்தேன். அன்று அவளுடைய இரண்டு சடையும் ஒரே உயரத்தில் இருந்தன. பக்கத்து வீட்டு அத்தை பின்னி விட்டாராம்.

என் ஃபோன் அடித்தது. திரையில் தலையில் துணி கட்டிய ஒரு பெண் வந்தார். பின்னால் எங்கள் வகுப்பறை அளவுக்கு ஒரு குசினி. ஜன்னலிலிருந்து மஞ்சள் வெயில் சரிவாக விழுந்திருந்தது. "எல்லாரும் சாப்பிட்டீங்களா?" என்று ரகசியக் குரலில் கேட்டார்.

"சாப்பிட்டோம்" என்று என் வகுப்பு முழுவதும் ரகசியக் குரலிலேயே பதில் சொன்னது. நான் சொல்லிக் கொடுக்கவில்லை. அத்தனை பேரும் கிசுகிசுவென்று பேசியதை அதற்கு முன்பும் பின்பும் நான் கேட்டதில்லை.

பிள்ளை அம்மாவைப் பார்த்தாள். கூட்டாளிகளுக்கு முன்னால் அழவும் தெரியவில்லை, சிரிக்கவும் தெரியவில்லை. முதுகை நிமிர்த்திக்கொண்டு, பரீட்சையில் கேட்பது மாதிரி, "அம்மா, அங்க இப்ப மணி என்னா?" என்று கேட்டாள்.

அம்மா ஃபோனைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். தங்க நிறச் சட்டம் போட்ட பெரிய கடிகாரம். சின்ன முள் ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில், பெரிய முள் ஆறில். சத்தக்காரி மடியிலிருந்த எங்கள் கடிகாரத்தைக் குனிந்து பார்த்தாள். பத்து. மறுபடி திரையைப் பார்த்தாள்.

"மெய்தான்டி" என்று ஒல்லிப் பிள்ளையின் காதில் சொன்னாள்.

அதன்பிறகு ஆளுக்கு ஒரு கேள்வி. அங்கே மழை பெய்யுமா, தேயிலை இருக்கிறதா, அந்த வீட்டில் நாய் உண்டா. அம்மா ஒவ்வொன்றுக்கும் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். ஃபோனை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளியே காட்டினார். மரமில்லாத அகலமான தெருவும், வெயிலும். பிறகு, "பாப்பா, பல்லக் காட்டு" என்றார். பிள்ளை வாயைத் திறந்தாள். விழுந்த இடத்தில் புதுப்பல் நுனி எட்டிப் பார்த்தது. அம்மா முகத்தை ஃபோனுக்குக் கிட்டக் கொண்டுவந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் அறை வாசலில் நின்றிருந்த அதிபர் எப்போது தாங்கிக்குப் பக்கத்தில் வந்தார் என்று தெரியாது. எனக்குப் பின்னால் நின்று, அவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வீட்டுக்குள் எங்கோ ஒரு குழந்தை கூப்பிட்டது. "எந்திரிச்சிட்டாங்க. வச்சிடுறேன் டீச்சர். ரொம்ப நன்றிங்க" என்றார் அம்மா. திரை இருண்டது.

"எவ்வளவு நேரம் பேசினோம்? கடிகாரத்தப் பாக்காம சொல்லுங்க" என்றேன். பாடத்தை விட்டுவிட எனக்கு மனமில்லை. மூன்று நிமிஷம் என்றார்கள். ரெண்டு என்றார்கள். அதிபர் கூட, "ஒரு அஞ்சு இருக்கும் ரீச்சர்" என்றார். சத்தக்காரி கடிகாரத்தைத் தூக்கிக் காட்டினாள். கால் மணித்தியாலம் போயிருந்தது.

பிள்ளை அழுவாளோ என்று பயந்தேன். அவள் அழவில்லை. படியிறங்கும்போது இரண்டு பக்கமும் இரண்டு பேர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அந்தக் குசினியில் எத்தனை அலமாரி இருந்தது என்று வாதாடிக்கொண்டு போனார்கள். அவள் நடுவில் நின்று தீர்ப்புச் சொன்னாள். அடுத்த திங்கட்கிழமையிலிருந்து வகுப்பில் அவளிடம் போய்க் கேட்பது ஒரு பழக்கமாகிவிட்டது. "இப்ப உங்க அம்மாக்கு என்னா மணி?" அவள் சுவரைப் பார்ப்பாள், உதடு அசையும், சொல்லிவிடுவாள். நாளடைவில் மற்றவர்களும் இரண்டரையைக் கழிக்கப் பழகிக்கொண்டார்கள். மூன்றாம் தரத்தில் அது பாடத்திட்டத்தில் இல்லை.

மற்றபடி அந்தத் தவணை மகிழ்ச்சியாகவே போனது. பிள்ளைகள் எதைக் கண்டாலும் ஊகித்து அளந்தார்கள். குழாயில் வாளி நிறைய எவ்வளவு நேரம், லயத்திலிருந்து கோயிலுக்கு ஓடினால் எவ்வளவு, நடந்தால் எவ்வளவு. ஒரு திங்கட்கிழமை காலைக்கூட்டத்தில் அதிபரின் பேச்சையும் அளந்துவிட்டார்கள். முடிந்ததும் சத்தக்காரி நேரே அவரிடம் போய், "சேர், நீங்க பத்து நிமிஷம் பேசுவீங்கன்னு நெனச்சோம். இருபத்திரெண்டு" என்றாள். அவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "உண்மையாவோ?" என்றார். அடுத்த வாரம் பேச்சு பாதியாகக் குறைந்திருந்தது. ஆசிரியர்கள் எல்லாரும் அவளுக்கு மனதுக்குள் நன்றி சொன்னோம்.

பிள்ளைகள் நான்காம் தரத்துக்குப் போனார்கள், வேறு டீச்சரிடம். நான் புது மூன்றாம் தரத்தை எடுத்தேன். ஒல்லிப் பிள்ளையை இடைவேளையில் காண்பேன். சிரித்துவிட்டு ஓடுவாள்.

பாடசாலை விடுமுறையில் ஒரு நாள், ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் குடை வாங்கப் போயிருந்தேன். கடைக்குள்ளே தாயும் மகளும் பெரிய தர்க்கத்தில் இருந்தார்கள். மகளுக்கு ஊதாக்குடை வேண்டும். தாய்க்கு நீலம்தான் அழுக்குத் தாங்கும். "அம்மா, உங்களுக்கு ஒன்னுமே தெரியல" என்றாள் மகள் உரத்த குரலில். கடைக்காரர் இரண்டு குடைகளையும் விரித்து வைத்துக்கொண்டு பொறுமையாக நின்றார். குரலைக் கேட்டுத்தான் திரும்பிப் பார்த்தேன். அந்த ஒல்லிப் பிள்ளைதான். உயரமாகியிருந்தாள். முன்பல் இரண்டும் பெரிதாக முளைத்திருந்தன.

அம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டார். ஃபோனில் பார்த்ததைவிட மெலிந்திருந்தார். "டீச்சர்!" என்று வந்து கையைப் பிடித்தார். வந்து ஒரு மாதம் ஆகிறதாம். திரும்பிப் போகப் போவதில்லை. தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில், வேலைக்குப் போகிறவர்களின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள, வேலை பேசியிருக்கிறார்களாம்.

"எப்புடி இருக்கீங்க?" என்று கேட்டேன்.

"பாருங்க டீச்சர். இவ்வளவு தூரத்துல இருந்து வந்திருக்கேன். இவ நாள் முழுக்க எங்கூட சண்டைதான்" என்றார். சொல்லும்போது முகம் முழுக்கச் சிரிப்பு. "காலையில சடை பின்னுனா சண்டை. ரொட்டி சுட்டா அப்பா ரொட்டி மாதிரி இல்லங்கிறா. நேத்து ஒரு வார்த்தைகூட பேசாம மூஞ்சத் திருப்பிக்கிட்டுப் படுத்தா."

"டீச்சர், ஊதா நல்லாத்தானே இருக்கு?" என்று இடையில் புகுந்தாள் மகள். அதிகம் வாய் திறக்காத அந்தப் பிள்ளைதானா என்று ஆச்சரியமாக இருந்தது.

நான் எந்தப் பக்கமும் சேரவில்லை. எனக்கு ஒரு கறுப்புக் குடையை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். மழை தூறத் தொடங்கியிருந்தது. உள்ளே அவர்கள் இன்னும் முடிவுக்கு வந்திருக்கவில்லை.